விளம்பரம் வரட்டும்

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் துணியில் கத்தரி வைக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும் கவனமாக இருந்தால் போதும், மற்றதைக் காலும் மோட்டாரும் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு நிமிஷம் என் கடையில் பெரும்பாலும் மத்தியானம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் வந்து தொலைக்கும்.

ஒன்றரை மணி சீரியலின் அருமை தெரிந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் மேலே விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அடுப்பில் பாலைத் தீய விட்டவர்கள்தானே. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பத்தில் என் கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, சுவரில் ஒரு டிவி. கொக்கி வைப்பதற்கும் ஹெம்மிங்குக்கும் ஷம்ஷாத். மீர்சாகிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், என்னோடு பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். டிவியில் சுகந்தி. கதாநாயகி. அவள் என்னோடு இரண்டு வருஷம்தான், ஆனால் யாருக்காக அதிகம் அழுதிருக்கிறேன் என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வலது கை

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி. தையல் விஷயத்தில் கறாரானவர். பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு அரக்கு பட்டுப்புடவை, அதிலேயே வந்த ஜாக்கெட் துணி. நான் கை வெட்டுகிற நேரத்தில் சுகந்தியின் மாமியார் மாடிப்படியில் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தாள். "போகாதடி, போகாதடி" என்று நான் டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வெட்டினேன். அவள் போனாள், உருண்டாள், தலையில் அடிபட்டு நினைவு தப்பிவிட்டது. என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அந்தக் கண்ணோடுதான் கைகளை ஜாயிண்ட் அடித்தேன்.

மறுநாள் மாமி கடையிலேயே போட்டுப் பார்த்தார். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் தோளிலிருந்து முறுக்கிக்கொண்டு நின்றது. கழற்றி மேஜைமேல் விரித்து, இரண்டு கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு வலது கை இருக்கறவா யாரோடதையோ எனக்கு மாத்திக் குடுத்துட்டியாம்மா?"

முக்காலி நகர்ந்த கதை

ஷம்ஷாத்துக்குச் சீரியல் பிடிக்காது. ஒரு மூலையில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து கொக்கி வைத்துக்கொண்டே இருப்பாள். நான் கதை சொன்னால் உம் கொட்டுவாள், அவ்வளவுதான். சுகந்தி ஆஸ்பத்திரியில் சேர்ந்த சமயத்தில் ஒரு நாள் திடீரென்று முக்காலியைத் தூக்கிவந்து டிவிக்கு நேர் கீழே போட்டுக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அதே சமயத்தில்தான் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்ட ஆரம்பித்தாள். ஒன்றரைக்கு மேல் நீட்டினால் நான் கை நீட்ட மாட்டேன், "விளம்பரம் வரட்டும்" என்பேன். அவளும் ஊசியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள். இப்படி எத்தனை நாள் என்று கணக்கில்லை. ஒரு நாள் விளம்பரம் வந்தும் நான் மறந்துவிட்டேன். அது முடிந்து சீரியலும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. அப்போது சொன்னாள்:

"பரவால்லக்கா, அடுத்த விளம்பரத்துல கோத்துக் குடுங்க. ஊசி எங்க ஓடிடப் போவுது."

வியாழக்கிழமை

பிறகு ஒரு நாள், நான் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்ததும், "அக்கா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். கண் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் மருந்து ஊற்றினால் நாலைந்து மணி நேரத்துக்கு மங்கிவிடும், கூட ஆள் இல்லாமல் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணனுக்கும் அண்ணிக்கும் லீவு கிடைக்காது. "நீங்க வர்றீங்களா?"

கண்ணாடி மாற்றுகிற விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நான் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை சுகந்திக்கு மூளையில் ஆபரேஷன். அதற்கு முன்னாலேயே முன்னோட்டம் காட்டிவிட்டார்கள். "இந்த வாரம் வேண்டாம்டி, வேலை நிறைய கெடக்கு" என்றேன். சொல்லும்போது என் கண் டிவியில்தான் இருந்தது. அவள் கொக்கி அட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சரிக்கா. சுகந்தி மொதல்ல பொழைக்கட்டும், நம்ம அப்பால போலாம்."

பெயர், நட்சத்திரம்

வேலை நிறைய கிடக்கிறது என்றேன் அல்லவா? அடுத்த வாரம் அரை நாள் கடையைச் சாத்திவிட்டு மயிலாப்பூர் கோயிலுக்குப் போனேன். அம்பாள் சந்நிதியில் அர்ச்சனைச் சீட்டை நீட்டினேன். பெயர் கேட்டார் குருக்கள். "சுகந்தி" என்றேன். நட்சத்திரம் கேட்டார். "உத்திரட்டாதி" என்றேன், தயங்கவே இல்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த எபிசோடில் சொல்லியிருக்கிறார்கள். ஷம்ஷாத்தின் பிறந்த நாள் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தட்டைத் திருப்பித் தரும்போது குருக்கள், உடம்புக்கு என்ன என்று அக்கறையாக விசாரித்தார். படியில் விழுந்து தலையில் அடி, நினைவில்லாமல் இருக்கிறாள், மாமியார் கொடுமை என்றேன். அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். குங்குமத்தைக் கையில் போட்டுவிட்டு, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னார்:

"நேத்திக்கே வெரல் அசைஞ்சுடுத்தும்மா, பொழச்சுண்டுடுவா. எங்காத்துலயும் அதான் ஓடிண்டிருக்கு."

கோணல் கொக்கி

ஆழ்வார்பேட்டையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, நாலு ஜாக்கெட்டைப் பையோடு கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். கொக்கி ஒரு வரிசையில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. எதிர்ப்பக்கத்து நூல் வளையம் பட்டியைத் தாண்டி எங்கோ இருந்தது. மாட்டினால் முன்பக்கம் ஏறி இறங்கி நின்றது. இரண்டு வலது கை வைத்துத் தைத்த நான், அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஷம்ஷாத்தைப் பார்த்துக் கத்தினேன். "டிவிக்குக் கீழயே உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டே தைச்சா இப்படித்தான் வரும்" என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று யோசிக்கும்போது இப்போதும் காது சூடாகிறது.

ஷம்ஷாத் ஒரு ஜாக்கெட்டை எடுத்தாள். கொக்கியை விரலால் தடவித் தடவித் தேடினாள். பார்க்கிறவள் அப்படித் தேட மாட்டாள். வந்திருந்த பெண்ணுக்கு அது புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். எனக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. ஷம்ஷாத் ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"டிவியில மூஞ்சி தெரிஞ்சு ரெண்டு மாசம் ஆவுதுக்கா. மேல டியூப்லைட்டு கீது, அந்த வெளிச்சத்துக்கோசரம்தான் இங்க வந்து குந்தினேன்."

மருந்து ஊற்றிய பிறகு

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை கண்ணுக்கு இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இடது கண்ணில் போன பார்வை போனதுதான், வலது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்றார். ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்டார். "வேலை இருந்துச்சு மேடம்" என்றாள் ஷம்ஷாத். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லேசருக்காக மறுபடி மருந்து ஊற்றி, பெயர் கூப்பிடும்வரை கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. பார்க்காமல் தைத்தது. இனிமேல் இவளை விட்டு நகர மாட்டேன், டிவியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவேன் என்றெல்லாம் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். ஒன்றரை ஆயிற்று. கூடத்துச் சுவரில் இருந்த டிவியில் சுகந்தி சீரியலின் ஆரம்பப் பாட்டு வந்தது.

நான் திரும்பக் கூடாது என்றுதான் இருந்தேன். கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. சுகந்தியின் கண் இமை துடித்தது, கேமரா கிட்டே கிட்டே போனது. என் கை தளர்ந்ததை என்னைவிட முன்னால் ஷம்ஷாத் கண்டுபிடித்திருக்க வேண்டும். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பேசுகிற அதே குரலில், கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"பாட்டு கேக்குதுக்கா. நீங்க பாருங்க. என் பேரைக் கூப்டாங்கன்னா, விளம்பரம் வந்ததும் போய்க்கலாம்."

சுகந்தி அந்த வாரமே எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம், நான் பார்க்கவில்லை, மயிலாப்பூர் மாமி சொல்லித் தெரிந்துகொண்டேன். கடையைச் சாத்திவிட்டுப் போய் நான் வேண்டிக்கொண்டது அவள் ஒருத்திக்குத்தான், அது பலித்துவிட்டது.