இரண்டு தடவை அடித்த சூடம்

ஈப்போவில் எங்கள் சிலிபின் வட்டாரத்தில் ராக்காயி அக்காவிடம் மட்டும் யாரும் கெட்டுப்போன மீனை விற்க முடியாது. கடலோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வரும் மீன் வேன்காரரிடம் எத்தனையோ வருடமாக வாங்குகிறார். இன்னமும் ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். அந்த மனிதர் ஒருநாள் பொறுக்காமல், இத்தனை வருஷம் ஆகியும் என்மேல் நம்பிக்கை வரலையா என்று கேட்டுவிட்டார். உங்கமேல இருக்கு, மீன்மேலதான் இல்ல என்றாராம் அக்கா. நான் வேறு ரகம். மனிதர்களைச் சந்தேகப்படுவேன், மீனை விட்டுவிடுவேன். அதனால் வீட்டில் பேச்சு வாங்குவேன்.

அக்கா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பால்வெட்டுக்குப் போனார். அவர் வெட்டிய பாலை அப்பாவின் வாளியில் ஊற்றி, அப்பா பெயரில்தான் ஸ்டோரில் எடை போட்டார்கள். கல்யாணம் ஆனபிறகு கணவர் சதாசிவம் அண்ணன் பெயரில் எடை போட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்தது, இருவரும் ஈப்போவுக்கு வந்தார்கள். அண்ணன் லாரி ஓட்டினார். அக்கா ஒரு பேரங்காடியில் தரை துடைக்கச் சேர்ந்து, இன்று அங்கே துப்புரவுப் பகுதிக்கு சூப்பர்வைசர். அங்கே அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், வேலை நடக்கும். சிலிபினில் மட்டும் இன்றைக்கும் அவர் ‘சதாசிவம் வீட்டுக்காரம்மா’தான்.

சதாசிவம் அண்ணன் எங்கள் கட்சிக் கிளையின் தலைவர். பள்ளி வேன் ஓட்டும் நான் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொன்னால் நாளைக்கு என் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். கிளைக் கட்டடத்தின் முன்பக்கத்தில் லியோனார்ட் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மனைவி எல்ஸி இறந்து மூன்று வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. கிளை உறுப்பினர் என்பதால்தான் அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எங்கள் அரசியல் எல்லாம் அந்தக் கடையில்தான். போன வருடம் கட்சியின் தேசியத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. ஒருபக்கம் அப்போதைய துணைத் தலைவர், இன்னொரு பக்கம் கலாதேவி. தொலைக்காட்சியில் அடிக்கடி வருவாரே, நாடாளுமன்றத்தில் யார் குறுக்கே பேசினாலும் உட்காராமல் நிற்பாரே, அந்த அம்மாதான். ஒரு பெண் தலைவர் பதவிக்கு நிற்பது கட்சி சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஜெயிக்க முடியுமா என்பதுதான் காலைக் கோப்பி முதல் ராத்திரிக் கடை சாத்தும்வரை பேச்சு.

முடியாது என்பது என் கட்சி. ஆம்பிளைகள் போடமாட்டார்கள், பெண்கள் பொறாமையில் போடமாட்டார்கள், அப்புறம் யார் போடுவது என்று கேட்டேன். யாரோ பெரிய ஆள் பின்னாலிருந்து ஓட்டைப் பிரிக்கத்தான் இந்த அம்மாவை நிறுத்தியிருக்கிறான் என்றார் சதாசிவம் அண்ணன். லியோனார்ட் மட்டும் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, ஏன் முடியாது, நின்னா ஜெயிக்கும்லா என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதும், அன்றைக்கே அவர் பெயரை நாங்கள் மனதில் குறித்துக்கொண்டோம்.

கலாதேவி ஈப்போவுக்கு வந்தபோது அந்தக் கடையில்தான் சாப்பிட்டார். பெண்கள் மாலை போட்டார்கள். அவர் ஒவ்வொரு பெண்ணிடமும், யார் வீட்டுக்காரம்மா என்று கேட்காமல், உங்க பேர் என்ன என்று கேட்டார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது, இதெல்லாம் யாரோ சொல்லிக்கொடுத்து வந்த வித்தை என்று. ராக்காயி அக்காவுக்கும் வந்திருக்கிறது. அந்த அம்மா காரில் ஏறும்போது, ஜெயிச்சதும் எங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். கலாதேவி சிரித்துக்கொண்டே கார்க் கதவைச் சாத்தினார். அக்கா திருப்பிச் சிரிக்கவில்லை.

இனிப் பேராளர்கள் கதை. ஓட்டுப்போட ஒவ்வொரு கிளையும் பேராளர்களை அனுப்ப வேண்டும். எங்களுக்குள் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. அவனைப் போட்டால் விலை போய்விடுவான், இவனைப் போட்டால் அந்தப் பக்கம் தாவிவிடுவான் என்று நாங்கள் கழித்துக்கொண்டே வந்ததில், கடைசியில் மிஞ்சியவர்கள் எங்கள் பெண்டாட்டிமார்தான். அடுத்தவனை நம்புவதற்கு இது மேல் என்று ஆளாளுக்குத் தன் பெயரோடு மனைவியின் பெயரையும் கொடுத்தோம். லியோனார்டுக்கு மனைவி இல்லாததால் அவர் மட்டும் தனியாள். மகளிர் பங்கேற்பு என்று மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்தது.

சதாசிவம் அண்ணன் துணைத் தலைவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார், எங்கள் கிளைப் பெட்டியில் ஓர் ஓட்டுகூடச் சிதறாது என்று. வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எங்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், எல்லாரும் முனியாண்டி முன்னால் சூடம் அடிக்கணும் என்று சொல்லிவிட்டார்.

தோட்டம் போனாலும் முனியாண்டி போகவில்லை. சிலிம் ரிவருக்கு உள்ளே, செம்பனைக் காட்டுக்கு நடுவில் அதே இடத்தில் அரிவாளோடு நிற்கிறார். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், அதை மீறியவன் வீடு திரும்பமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நான் படித்தவன்தான், இருந்தாலும் அந்த இடத்தில் நானும் பொய் சொல்லமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேனிலும் இன்னும் இரண்டு வண்டிகளிலுமாகப் போனோம். சேவல் அறுத்துப் படையல் போட்டோம். பெண்கள் பின்பக்கம் கல் கூட்டிக் கோழிக் குழம்பு வைத்தார்கள். சூடம் ஏற்றியதும் ஆண்கள் ஒவ்வொருவராகப் போய், துணைத் தலைவருக்கே போடுவேன் என்று சொல்லி அடித்தோம். லியோனார்ட் மட்டும், நான் வேதக்காரன், பைபிளில் கைவைத்துச் சொல்கிறேன் என்றார்.

“ஒங்க சாமி மன்னிச்சிடும் லியோனார்ட். எங்க முனி மன்னிக்காது. அதான் எனக்கு யோசனையா இருக்கு” என்றார் சதாசிவம் அண்ணன்.

அப்போது ராக்காயி அக்கா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். சூடத்தட்டுக்கு நேரே நின்றார். அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

“நீ போய்க் கோழியப் பாரு, அடிப்பிடிச்சிறப் போவுது. ஒனக்கும் சேத்து நானே அடிச்சிடுறேன்.”

சொன்னபடி இரண்டாவது தடவையும் அடித்தார். உள்ளங்கை கன்றிப் போனது. அதைப் பார்த்து நாங்களும் வீட்டுக்காரிக்குச் சேர்த்து இரண்டு இரண்டு தடவை அடித்தோம். என் மனைவி தினேஸ்வரி உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. அக்கா அடுப்புக்குத் திரும்பிப் போனார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

தேர்தலில் கிளைக்கு ஒரு பெட்டி வைத்து எண்ணினார்கள். கலாதேவி தோற்றார். ஆனால் கொஞ்சத்தில் தோற்றார், தலைவரானவரின் முகத்தில் களையே இல்லை. எங்கள் பெட்டியைத் திறந்தபோது கணக்கை இரண்டு தடவை கேட்டேன். கிட்டத்தட்டப் பாதி ஓட்டு அந்த அம்மாவுக்கு விழுந்திருந்தது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவன் கோப்பியை இன்னொருவன் தொடுவதில்லை. யாருக்காவது காய்ச்சல் வந்தால், முனி அடிச்சிட்டாரு, இவன்தான் போட்டிருக்கான் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஒருவருக்கு முழங்கால் வீங்கியது, பாவம், யூரிக் அமிலம் என்று டாக்டர் சீட்டைக் காட்டிக் காட்டி அலைந்தார். கடைசியில் எல்லாச் சந்தேகமும் சூடம் அடிக்காத ஒரே ஆள்மேல் போய் நின்றது. லியோனார்ட் ஒருத்தர் எப்படிப் பாதி ஓட்டைப் போட முடியும் என்று யாரும் கேட்கவில்லை. தானும் போட்டு, நாலு பேரையும் கலைத்திருக்கிறார் என்று பேசி முடித்துவிட்டோம். மேலிடம் துரோகி யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது, அண்ணனுக்குக் கொடுக்க ஒரு பெயர் தேவைப்பட்டது.

லியோனார்டைக் கிளையிலிருந்து நீக்கக் கூட்டம் போட்டோம். நீக்கினால் கடையும் போகும். அவருக்கும் அது தெரியும். சட்டை மடிப்புக் கலையாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சத்தியத்தை மீறலை, எல்ஸிமேல ஆணை, ஒங்க ஆளுக்குத்தான் போட்டேன் என்று மட்டும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை தூக்கச் சொல்லும் நேரத்தில் ராக்காயி அக்கா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று தட்டை என் கோப்புகளின்மேல் வைத்துவிட்டு நின்றார்.

“லியோனார்ட் அண்ணன விடுங்க. அந்தம்மாவுக்கு நான்தான் போட்டேன்.”

சதாசிவம் அண்ணன் எழுந்துவிட்டார். கோபத்தைவிடப் பயம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது. “ஏய், ஒனக்கும் சேத்து முனிகிட்ட நான் சூடம் அடிச்சேன்லா?”

“நீங்க அடிச்சீங்க. நான் அடிக்கலையே. அடிக்க வந்தவளக் கோழியப் பாக்கச் சொன்னீங்க.”

“அந்தப் பொம்பளைய அவ்வளவு நம்பிட்டியா நீ?”

“அவங்களையும் நம்பல. ஜெயிச்சா மறந்துடுவாங்கன்னுதான் இப்பவும் நெனைக்கிறேன்.” அக்கா ஒவ்வொரு கிளாசாக எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். “நான் வெட்டுன பாலு எல்லாம் ஒங்க வாளியிலதான் போச்சு. இது ஒண்ணாச்சும் என் பேர்ல விழட்டும்னு போட்டேன்.”

யாரும் கிளாசைத் தொடவில்லை. முதலில் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். பிறகுதான் ஒவ்வொரு மூஞ்சியாக மாறியது. அக்கா போட்டது ஓர் ஓட்டு. அந்த அம்மாவுக்கு விழுந்தது பாதி. இரண்டாவது தடவை அடித்த உள்ளங்கையை ஒருவர் மடியில் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அண்ணன் கை தூக்கச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார், கூட்டம் அப்படியே கலைந்தது. லியோனார்ட் தட்டை எடுத்து, யாரும் குடிக்காத கிளாஸ்களை அடுக்கிக்கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தார். மறுநாள் காலை அவர் கடை வழக்கம்போலத் திறந்திருந்தது.

பெண் ஜெயிக்க முடியாது என்றுதான் இன்னும் சொல்கிறேன். முன்னைப்போலச் சத்தமாகச் சொல்வதில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது தினேஸ்வரி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நடந்தது எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. சட்டையைக் கழற்றினேன், மறுபடி போட்டேன். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு கேள்வி கேட்க வாசலுக்கும் அடுக்களைக்குமாக இரண்டு தடவை நடந்தேன்.

“நீ யாருக்குப் போட்ட?”

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

“எனக்கும் சேத்து நீங்கதான அடிச்சீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?”