குழாய் போட்டால் தண்ணீர் வருமா?

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துக் கொடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம்: நல்ல மழை பெய்தால் நம்மை யாரும் தேட மாட்டார்கள், மழை பொய்த்தால் எல்லாரும் தேடுவார்கள், ஆனால் சொட்டுவதற்கு நீர் இருக்காது. கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து, தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் பழத்தோட்டங்களுக்குக் குழாய் போட்டவன் நான். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் பாடு புரியும்.

சுபேதாரின் மாந்தோப்பு

புனேயில் கோர்படிப் பகுதியில் குடியிருந்த நம்மூர்க்காரர் ஒருவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே சாஸ்வட் பக்கம் நிலம் வாங்கி மாங்கன்று நட்டிருந்தார். கூப்பிட்டாரே என்று ஸ்கூட்டரில் போனேன். கன்றுகள் சிப்பாய்கள் மாதிரி வரிசை பிசகாமல் நின்றன, இலைகள்தான் சுருண்டிருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒற்றை ரப்பர் செருப்பு, அதுவும் காய்ந்து கிடந்தது.

"சார், முதல்ல மழைத்தண்ணியைத் தேக்க ஒரு குட்டை வெட்டுங்க. தண்ணி சேர்ந்தப்புறம் குழாய் போடலாம்" என்றேன். அவர் மீசை துடித்தது.

"தண்ணி என்கிட்ட இருந்தா உன்னை எதுக்குய்யா கூப்பிடறேன்? குடத்துல மொண்டு ஊத்திட்டுப் போறேன்!"

கொய்யாவும் புல்லும்

மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த சென்னைத் தம்பதி, சனி ஞாயிறுக்கென்று ஊருக்கு வெளியே பண்ணை வீடு கட்டினார்கள். அவர்களுடைய கொய்யா மரங்கள் கோடை முழுக்கத் தாங்கும்படி, பிளாஸ்டிக் விரித்த பெரிய குட்டை ஒன்றுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். மழையில் நிரம்பியும் விட்டது.

கோடை தொடங்கியதும் போய்ப் பார்த்தால், குட்டையில் வெறும் பிளாஸ்டிக் பளபளக்கிறது. கொய்யா இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது. வீட்டுக்கு முன்னால் மட்டும் புல்வெளி, அதன் நடுவே சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்கும் கருவி. வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். மரம் செத்துவிடுமே என்று பதறினேன். வீட்டுக்காரப் பெண் நிதானமாகச் சொன்னாள்:

"கொய்யா மார்க்கெட்ல கிடைக்கும் அங்கிள். ஃப்ரெண்ட்ஸ் வர்றப்ப லானை எங்க போய் வாங்கறது?"

தொடக்க விழா

வறட்சிக்கு மருந்து சொட்டுநீர்தான் என்று காட்ட, ஷிரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் கம்பெனி விழா எடுத்தது. தொட்டியை லாரித் தண்ணீரால் நிரப்பிவைத்தேன். திறந்துவைக்க அழைத்திருந்த கட்சித் தலைவர் வருவதற்குள் கூட்டம் சாப்பிட்டு முடித்து, அந்தத் தொட்டியிலேயே கை கழுவி, வாய் கொப்பளித்து, தட்டும் அலம்பிவிட்டது. நான் கத்தியது ஒலிபெருக்கிப் பாட்டில் அமுங்கிப் போனது.

தலைவர் கைதட்டலுக்கு நடுவே வால்வைத் திருகினார். குழாயிலிருந்து 'புஸ்' என்று காற்று வந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவர் அசரவில்லை. மைக்கைப் பிடித்தார்:

"பாத்தீங்களா? ஒரு சொட்டுக்கூட வீணாகாத டெக்னாலஜி!"

சுண்ணாம்புக் கோடு

இது சிரிக்கிற விஷயமில்லை. மகாதேவ், பாண்டு என்று அண்ணன் தம்பி. இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஆளுக்குப் பாதியாக ஒரு மாதுளைத் தோட்டம். மழை இல்லாத வருஷம். கிணற்றில் இருந்த தண்ணீர் பாதி மரங்களுக்குத்தான் காணும். பிஞ்சையெல்லாம் உதிர்த்து, கிளையைக் கழித்து, பாதியைக் காப்பாற்றலாம். மீதியைக் கைவிட வேண்டியதுதான் என்றேன். கைவிட வேண்டிய நோஞ்சான் மரங்களாகப் பார்த்து அடையாளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அத்தனையும் தம்பியின் பங்கில் விழுந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பாண்டு அரிவாளோடு வந்தான். "அண்ணன் சொல்லித்தானே அடிச்சே?" என்று என் சட்டையைப் பிடித்தான். மகாதேவ் வாயே திறக்கவில்லை. மௌனமாக இருந்தால் அவனுக்கு லாபம். மகாதேவின் மனைவி சிந்து விறுவிறுவென்று தங்கள் பங்குக்குள் போனாள். காய் பிடித்திருந்த வரிசையாகப் பார்த்து, அதிலிருந்த குழாயைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. ரெண்டு பக்கமும்" என்றாள். பாண்டு அரிவாளைக் கீழே போட்டான். மழை வரும்வரை பாதி மரங்கள் தாங்கின; அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையும் தாங்கியது. எனக்கு மட்டும் அன்றைக்கு அவளிடம் தனியாகத் திட்டு கிடைத்தது:

"தண்ணி இல்லாதது வானத்தோட தப்பு அண்ணா, அதுக்கு எங்க வீட்டு நடுவுல ஏன் கோடு போடறீங்க?"

மரத்துக்கு அளவாகத் தண்ணீர் விடக் குழாய் வந்துவிட்டது. மரத்தின் சொந்தக்காரர்களுக்கு அளவாகப் புத்தி சொட்டவைக்கத்தான் எந்தக் கம்பெனியும் இன்னும் ஒன்றும் கண்டுபிடித்தபாடில்லை.