பெட்டிக்குள் அடங்காத இரண்டு மில்லிமீட்டர்

டோரே படுகானை அந்தத் துப்பாக்கி சுடும் மைதானத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெட்டிக்காரி என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் தனாவோ ஊர்ச் சந்தைப் பக்கம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். ஞாயிறு வந்தால் தார்ப்பாய் நிழலில் ஒரு மேஜை, மேஜைமேல் மூடியில்லாத அலுமினியப் பெட்டி, அதன் பின்னால் டோரே.

பெட்டியின் உள்ளளவு நீளம் 225 மில்லிமீட்டர், உயரம் 150, ஆழம் 45. மாடிஃபைட் பிரிவில் சுடுகிறவர் தன் கைத்துப்பாக்கியை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். குழலைக் குட்டையாக்கலாம், மேலே லென்ஸ் பொருத்தலாம், உதைப்பைக் குறைக்க முனையில் துளை போடலாம். ஆனால் தோட்டா அடைக்கும் மேகசினைச் செருகிப் படுக்கவைத்தால் அந்தப் பெட்டிக்குள் முழுசாக அடங்கியாக வேண்டும். கொண்டுவந்த ஒவ்வொரு மேகசினையும் மாற்றி மாற்றிச் செருகிக் காட்ட வேண்டும். ஒன்று துருத்தினாலும் ஓப்பன் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். அங்கே நீளக் குழல்காரர்கள் இருக்கிறார்கள், இந்தக் குட்டைத் துப்பாக்கிகளை ஊதித் தள்ளிவிடுவார்கள்.

பதினொரு வருஷத்தில் டோரேயின் கை யாருக்காகவும் சாய்ந்ததில்லை.

"உன் புருஷன் வந்தாலும் பெட்டில படுக்கவெச்சு அளப்பியோ?" என்று ஓட்டுவார்கள்.

"அவரு தொப்பை நாப்பத்தஞ்சைத் தாண்டும். நேரா ஓப்பன்தான்!" என்பாள்.

அன்றைக்கு மட்டும் அவள் காலையிலிருந்தே எதுவும் சாப்பிடவில்லை. காரணம் செனியோங். லைசென்ஸ் உள்ள பட்டறையில் துப்பாக்கி செய்கிறவர், ஐம்பத்தோரு வயது, அவள் மகளுக்கு ஞானத் தகப்பன். அந்த உறவால் அவர் அவளுக்குக் கும்பாரே, அவள் அவருக்குக் கும்மாரே. இன்றைக்கு மாடிஃபைடில் முதலாவது வருகிறவர் நாட்டு அணியோடு வெளிதேசப் போட்டிக்குப் போவார். செனியோங் நாலு தடவை முயன்று நாலு தடவையும் இரண்டாவதாக வந்தவர். இந்தத் துப்பாக்கியைத் தன் கையாலேயே இரண்டு வருஷம் ராவி ராவிச் செய்திருந்தார். காலையில் அது பெட்டிக்குள் படுத்த அழகைப் பார்க்க வேண்டுமே! ஐந்து மேகசினும் கச்சிதம். டோரே ஒவ்வொன்றிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள்.

மொத்தம் பன்னிரண்டு கட்டம். எட்டு முடிந்தபோது செனியோங்தான் முன்னால் இருந்தார். ஒன்பதாவதுக்கு முன்னால் அவர் மேஜையை நோக்கி ஓடிவந்தார், கையில் ஒரு மேகசின். சுடும்போது காலியானதைச் சரளைக்கல்லில் உதறிவிட்டுத்தான் அடுத்ததைச் செருகுவார்கள். அப்படி விழுந்ததில் மேகசினின் அடிமூடி இரண்டாகப் பிளந்திருந்தது.

"கும்மாரே, உன் ஜாடியில ஏதாவது இருக்கா? சீக்கிரம்!"

மைதானத்தில் அனாதையாகக் கிடந்த அடிமூடிகளை டோரே ஒரு ஊறுகாய் ஜாடியில் சேர்த்துவைப்பாள். கேட்டவருக்குக் கொடுப்பாள். எல்லாருக்கும் அது பழக்கம்தான். துழாவினாள். கறுப்பு ஒன்று கிடைத்தது, டக்கென்று பொருந்தியது.

"செனியோங்! அடுத்தது நீங்க!" என்று தூரத்தில் குரல் வந்தது.

டோரேயின் கை பெட்டிப் பக்கம் போனது. போனது, சத்தியமாய்ப் போனது. அதற்குள் இன்னொரு குரல், "செனியோங்! கடைசி அழைப்பு!"

"ஓடுங்க கும்பாரே, ஓடுங்க!" என்று அவளே விரட்டினாள்.

அப்புறம் நாலு பேர் தோட்டா எடை போட வந்தார்கள், ஒருவர் இடுப்புப் பெல்ட் அளக்க வந்தார். பச்சை ஸ்டிக்கர் மேகசின் உடம்பில் இருந்தது, மூடி மட்டும் வேறு. அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை.

பன்னிரண்டும் முடிந்தது. செனியோங் முதலிடம்! பட்டறைப் பையன்கள் விசிலடித்தார்கள். வழக்கம்போல முதல் மூன்று பேரை மறுபடி பெட்டிக்குக் கூப்பிட்டார்கள். போட்டித் தலைவர் டாக்டர் யாப், ஊரில் பல் வைத்தியர், பக்கத்தில் வந்து நின்றார்.

முதல் மேகசின் அடங்கியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் அடங்கின. டோரேக்கு அப்போதுதான் அந்த ஜாடி மூடி ஞாபகம் வந்தது. ஐந்தாவதை அவர் இன்னும் எடுக்கவில்லை. எடுக்காதீங்க, எடுக்காதீங்க என்று உள்ளே கத்தினாள். செனியோங் சிரித்துக்கொண்டே பெல்ட்டிலிருந்து தானே உருவிச் செருகிக் கொடுத்தார்.

படுக்கவைத்தாள். கறுப்பு மூடி பெட்டி விளிம்பில் ஏறி நின்றது. திருப்பிவைத்தாள், விரலால் அழுத்தினாள். இரண்டு மில்லிமீட்டர்.

"டாக்டர், இது நான் கொடுத்த மூடி. நான்தான் அளக்காம அனுப்பினேன். தப்பு என்னோடது."

"தெரியுதும்மா. ஆனா மேகசின் யாருது?"

"அவருது."

"சுடறவர்தான் பொறுப்புன்னு விதிப் புத்தகத்துல இருக்கு. யார் கொடுத்தாங்கன்னு கேக்கவே இல்ல."

"அந்த ரெண்டு மில்லிமீட்டரால என்ன லாபம் அவருக்கு? ஒரு தோட்டா கூட அதிகம் போகாதே!"

"போகாதும்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"பல்லைப் பிடுங்கறப்பவும் இப்பிடித்தானே சொல்லுவீங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். யாப் ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பிரிவு மாற்றம், காரணம், அதிகாரி கையெழுத்து. மூன்றையும் டோரேதான் எழுத வேண்டும். எழுதினாள். மருந்து உறைமேல் எழுதிப் பழகிய கை, எழுத்து கோணவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஓப்பனில் செனியோங் முப்பத்தேழாவது என்று பலகையில் ஏறியது.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அழுதிருப்பாள். தார்ப்பாய்க் கம்பத்தடியில் உட்கார்ந்து, ஓலையில் கட்டிய சோற்றைப் பிரித்து, பாதியை அவளிடம் நீட்டினார். "காலையிலேர்ந்து நீ எதுவும் சாப்பிடல."

"என்னை நாலு அறை விடுங்க கும்பாரே."

"அறைஞ்சா அந்த ரெண்டு மில்லிமீட்டர் தேயுமா?"

அப்போது அவர் போன் அடித்தது. பெர்லிதா, அவர் மனைவி. செனியோங் திரையைப் பார்த்தார். இரண்டு வருஷம் ராவிய அந்தக் கட்டைவிரல் பொத்தான்வரை போய்த் திரும்பியது. பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டார்.

"என்னால முடியல. நீ சொல்லு."

டோரே காதில் வைத்தாள். அந்தப் பக்கம் தெருவே கூடிச் சிரிக்கிற சத்தம்.

"கும்மாரே, நீயா! அப்பாடா. பெட்டி எல்லாம் சரிதானே? நீ அங்க இருக்கேன்னுதான் இவ்வளவு நேரம் தைரியமா இருந்தேன். சொல்லு, சொல்லு!"

டோரே ஓலைச் சோற்றைக் கீழே வைத்தாள்.

"பெர்லிதா," என்றாள், "நீ கொஞ்சம் உட்காரு."