செவலை துள்ளிய காரணம்

செவலையை விற்றுவிடச் சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஜவ்வாது மலையில் கால்நடை மருத்துவராக இருந்தபோது என்னிடம் வந்ததெல்லாம் மாடும் ஆடும் கோழியும்தான். குதிரை வைத்தியம் கல்லூரியில் படித்ததோடு சரி. ரோடு போகாத இரண்டு மூன்று ஊர்களில் மட்டும் சுமைக்குக் குதிரை வைத்திருந்தார்கள். காளியப்பனின் செவலை அதில் ஒன்று. சாமை மூட்டையோ புளி மூட்டையோ, ஏற்றிவிட்டால் பஸ் நிற்கும் இடம் வரை பேசாமல் நடக்கும். ஊசி போட்டால்கூட அசையாது. என் மேலதிகாரிகள் சிலரைவிடப் பொறுமைசாலி.

அப்படிப்பட்டது, ஒருநாள் மூட்டை ஏற்றியதும் முதுகை வளைத்துத் துள்ளிக் காளியப்பனைத் தள்ளிவிட்டது. அவருக்குத் தோள் இறங்கிவிட்டது. ஐந்து நாள் கழித்துத்தான் என்னால் அந்த ஊருக்குப் போக முடிந்தது. பல், கண், குளம்பு பார்த்தேன். வெறும் முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். சாதுவாக நின்றது.

"வலி ஒண்ணும் தெரியல. குணம் மாறிப்போச்சு. இன்னொரு தடவ தள்ளுனா உயிருக்கே ஆபத்து. வித்துடுங்க" என்றேன்.

"இத வித்துட்டா மூட்டைய தலையிலதான் சார் எறக்கணும். இவரு கையத் தூக்கவே முடியல" என்றார் காளியப்பனின் மனைவி பொன்னி.

வெள்ளிக்கிழமை திருப்பத்தூர் வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி திறக்கப் போனால், வாசலில் பொன்னி உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம் நடந்து வந்திருக்கிறார்.

"இன்னாம்மா, திரும்பத் துள்ளுச்சா?"

"துள்ளுச்சி சார். ஆனா ஒண்ணு கேக்கணும். வெறும் முதுகா இருந்தா சும்மா நிக்கிது. மூட்டைக்கு அடியில போடுற மெத்தைய போட்டாலும் நிக்கிது. நேத்து அதுமேல மூட்டைய வச்சேன், துள்ளுது. குணம் மாறியிருந்தா எப்பவும்தான சார் துள்ளணும்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஜீப்பை எடுத்துக்கொண்டு, ரோடு முடிந்த இடத்திலிருந்து அவருடன் நடந்தேன்.

வைக்கோல் அடைத்த கோணி மெத்தையைச் செவலை மேல் போடச் சொன்னேன். இரண்டு கையாலும் அதன்மேல் என் பாரத்தைக் கொடுத்ததும் காது பின்னால் மடங்கியது, பின்னங்கால் எழுந்தது. மெத்தையை எடுத்துவிட்டு விரல் நுனியால் தடவினேன். இடது பக்கம், தோளுக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவு இடம் சுட்டது. முதல் தடவை ஐந்து நாள் ஓய்வில் அடங்கியிருந்ததை என் உள்ளங்கை தவறவிட்டிருக்கிறது. மெத்தையில் அதே இடத்தை அமுக்கினால் உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"இதுக்குள்ள இன்னா இருக்குது?"

காளியப்பன் மரத்தைப் பார்த்தார். பொன்னி வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்.

"வெளிய சொன்னா பலிக்காதும்பாங்க சார். கோடை விழாவுல ஜனங்க இத சுத்தி நின்னு போட்டோ புடிச்சாங்க. கண்ணு பட்டுடும்னு தாயத்து வாங்கியாந்து உள்ள வச்சி தெச்சேன். மறுவாரமே துள்ளி மூட்டைய தள்ளிச்சி. திருஷ்டி பலமாட்டம் இருக்குதுன்னு இன்னொண்ணும் வச்சி தெச்சேன். அப்புறம்தான் இவரத் தள்ளிச்சி." சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டார்.

பிரித்தோம். வைக்கோல் நைந்துபோன இடத்தில் இரண்டு செப்புத் தாயத்துகள், அருகருகே. பாரம் ஏறும்போதெல்லாம் சதையில் குத்தியிருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. குதிரையைத் தலை முதல் கால் வரை பார்த்தவன், அதன்மேல் போடுவதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பு என்னுது. நாளைக்கு வியாபாரிய வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

காளியப்பன் போன் எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினார். பொன்னி இரண்டு தாயத்தையும் கறுப்புக் கயிற்றில் கோத்துச் செவலையின் கழுத்தில் கட்டினார். நான் தடுக்கவில்லை. மருந்து போட்டுப் பத்து நாள் ஓய்வு கொடுத்தோம். பதினோராம் நாள் மூட்டை ஏற்றியபோது வால்கூட ஆடவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலை செய்கிற மிருகத்தை அது வேலை செய்கிற கோலத்தில் பாருங்கள். வளர்ப்பவரிடம் கேளுங்கள், தயங்கினால் காத்திருங்கள்.

பொன்னி என் பேச்சை நம்பியிருந்தால் வெள்ளிக்கிழமையோடு செவலை போயிருக்கும். அந்த அம்மா என்னை நம்பாமல் மூன்று மணி நேரம் நடந்து வந்தாரே, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குத் தீராது.