புளியங்கொல்லையில் டம்ளர் மறியல்

ஜவ்வாது மலைக்கு நான் போனது பீமன் மடவு அருவியைப் பார்க்க. அருவியை இன்றுவரை பார்க்கவில்லை. அருவி வேண்டும் என்பவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளலாம். நான் பார்த்தது ஒரு மலைப்பாதை வளைவையும், ஒரு அண்டா பாலையும், செவலை என்ற பசு மாட்டையும்தான்.

சனிக்கிழமை விடிகாலையில் சென்னையில் ரயில் ஏறி, பத்து மணி சுமாருக்கு வாணியம்பாடியில் இறங்கினேன். அங்கிருந்து ஆலங்காயம் இருபது கிலோமீட்டருக்குள்தான். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆலங்காயத்தில் ஜமுனாமரத்தூர் போகும் மலைப் பேருந்து நின்றது. அதிலும் கட்டணம் இல்லை. எனக்கு ஓசி பிடிக்கும். இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அரசாங்க வேலையில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள், இரண்டு பேருந்தில் பைசா செலவில்லாமல் மலையேறினால் சந்தோஷப்படக் கூடாதா?

ஆனால் அந்தப் பேருந்தில் என்னைவிடச் சந்தோஷமாகப் பலர் இருந்தார்கள். ஏறிய பெண்கள் எல்லோர் கையிலும் ஒரு பாத்திரம். தூக்குவாளி, எவர்சில்வர் குடம், பெயின்ட் வாளி. ஒரு அம்மாள் பிரஷர் குக்கரையே மூடியோடு கொண்டுவந்திருந்தாள். என் பக்கத்து இருக்கைக்காரர் கால்களுக்கு நடுவே இரண்டு பெரிய பால் கேன்களை இடுக்கிக்கொண்டிருந்தார். பெயர் முனிரத்தினம், ஆலங்காயம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை.

"மேலே ஏதாவது திருவிழாவா?" என்று கேட்டேன்.

"திருவிழா இன்னா யக்கா, ஸ்ட்ரைக்கு. பால்காரங்க மூணு நாளா கம்பெனிக்கு ஊத்தாம ரோட்ல போறவன் வர்றவனுக்கு ஓசில ஊத்தறாங்க. நீங்க பாத்திரம் எடுத்தார்லியா?"

இல்லை என்றேன். அவர் என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. பையைத் துழாவியதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தயாரானேன்.

காவலூர் தாண்டிச் சில கிலோமீட்டரில் புளியங்கொல்லை. முப்பது வீடு இருக்கும். ஊருக்கு முன்னால் உள்ள வளைவில், சாலையின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதன் பின்னால் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில் ஒரு அண்டா. சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். ஓட்டுநர் எதுவும் கேட்காமல் எஞ்சினை நிறுத்தினார். பால் குடிக்காமல் எந்த வண்டியும் அந்த வளைவைத் தாண்டக் கூடாது என்பதுதான் மறியல்.

கையில் அகப்பையோடு முன்னால் வந்தவள் காசியம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஓட்டுநரின் கதவை அவளே திறந்தாள்.

"யம்மா, எனக்கு சுகர் கீது. நேத்து நாலு ட்ரிப்புக்கு நாலு டம்ளரு. டாக்டரு திட்றாரும்மா."

"உனுக்கு சக்கர போடாதது தனியா வெச்சிகீறேன்ணா. குடி."

ஓட்டுநர் குடித்தார். நடத்துநர் குடித்தார். பேருந்தே இறங்கி வரிசையில் நின்றது. என் முறை வந்தபோது ஒரு டம்ளர் குடித்தேன். சென்னையில் நான் குடிப்பது பால் இல்லை என்று முதல் வாயிலேயே தெரிந்தது. இன்னொரு டம்ளர் வாங்கினேன். பிறகு பாட்டிலில் நிரப்ப மறுபடி வரிசையில் நின்றேன். விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பேருந்து அடுத்த வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அருவி போனது அந்த ஒரு பாட்டில் பாலுக்காகத்தான். அடுத்து இங்கே நிற்கும் வண்டி மாலை நாலு மணிக்குக் கீழே போவது என்றார்கள்.

அதனால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஓசி வாங்க வந்தவர்களைப் பார்ப்பது ஓசி வாங்குவதைவிட நன்றாக இருந்தது. குக்கர் அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நேத்து ஏலக்கா போட்டிருந்தீங்க. இன்னிக்கு காணோமே?"

இன்னொருத்தி, பால் ஆறிப்போயிருக்கிறது என்றாள். வேறொருத்தி, ஆடை எல்லாம் முன்னால் நிற்பவர்களுக்கே போகிறது, இது என்ன நியாயம் என்று சண்டை பிடித்தாள். முனிரத்தினம் மட்டும் குறை சொல்லாமல் இரண்டு கேனிலும் காய்ச்சாத பாலாகப் பார்த்து நிரப்பி ஓரமாக வைத்தார். மூன்று நாளாக இந்த ஓசிப் பாலில்தான் டீ போட்டுக் காசுக்கு விற்கிறாராம். அதை என்னிடம் அவரே பெருமையாகச் சொன்னார்.

கூட்டம் குறைந்ததும் காசியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீவிக்கொண்டாள்.

"ஊத்தி ஊத்தி தோளு வுட்டுப் போச்சி யக்கா. எதுக்கு ஸ்ட்ரைக்குன்னு ஒருத்தி கேக்கல. ஏலக்கா எங்கன்றா."

நான் கேட்டேன். கம்பெனி வண்டி தினமும் வந்து லிட்டருக்கு முப்பத்தொரு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போகும். தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம் எல்லாம் ஏறிவிட்டது. குறைந்தது முப்பத்தெட்டு வேண்டும் என்றார்கள். கம்பெனி மாட்டேன் என்றது.

"டிவில காட்றாங்களே, அது மாதிரி ரோட்ல கொட்டியிருக்கலாமே?"

"கொட்டலாம்னுதான் மொத நாளு தூக்கினு வந்தோம். மனசு வர்ல. அத்தோ, செவல அங்க பாத்துக்கினே நிக்குது. அது முன்னாடி எப்டி கொட்றது?"

புளிய மரத்தடியில் செவலை கட்டப்பட்டிருந்தது. ஜெர்சி கலப்பு, பெயருக்கேற்ற நிறம். அதன் பக்கத்தில் ஒரு மினி லாரியும், லாரியின் நிழலில் ஒரு மாட்டுத் தரகரும் இருந்தார்கள். தரகர் கையிலும் டம்ளர்.

"அவரு செவலைய வாங்க வந்தவரு. கம்பெனி ஆபீசரு இன்னிக்கு வர்றாரு. அவரு முடியாதுன்னுட்டா, நாலு மணிக்கு மேல செவல அந்த வண்டில ஏறிடும். இன்னொரு மாடு செனையா கீது, கறக்காது, செனை மாட்ட விக்கவும் கூடாது. ரெண்டுக்கும் தீனி போட என்னால ஆவாது."

சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்ச் செவலையின் கழுத்தடியில் சொறிந்துவிட்டாள். தரகர் டம்ளரைக் காலி செய்து, "பால் நல்லா கீதும்மா" என்று மனதாரப் பாராட்டினார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கம்பெனி ஜீப் வந்தது. இறங்கியவர் முப்பது வயதுகூட ஆகாத பையன். வேட்டி கட்ட வேண்டிய வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருந்தார். குடிக்க நீட்டிய டம்ளரைத் தள்ளிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"விலை கம்மின்றீங்க. பால்ல சத்து இருந்தாதானேம்மா விலை? மலைப் பாலு எப்பவும் இருபத்தாறு டிகிரிதான் காட்டுது. தண்ணி மாதிரி இருந்தா நான் என்ன பண்றது?"

சொன்னதோடு விட்டிருக்கலாம். பையிலிருந்து லாக்டோமீட்டரை, அதாவது பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை, எடுத்தார். ஒரு போணியில் ஆறிக் கிடந்த பாலை நீளக் குவளையில் ஊற்றி அதை உள்ளே விட்டார். அது மூழ்க மறுத்தது. முப்பதைத் தாண்டி, கடைசிக் கோடான நாற்பதும் பாலுக்கு மேலே வந்து நின்றது. அவர் தட்டினார். குனிந்து பார்த்தார். வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். மறுபடியும் அப்படியே நின்றது.

"எவ்ளோ சார் காட்டுது?" என்றாள் காசியம்மா.

"நாப்பதுக்கு... மேல."

"இருபத்தாறுக்கு முப்பத்தொண்ணு குடுத்தீங்க. நாப்பதுக்கு மேலன்னா இன்னா வெல? கணக்கு போடுங்க சார்."

பையன் உண்மையாகவே மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். பிறகு ஏதோ சந்தேகம் வந்து விரலை விட்டு நக்கிப் பார்த்தார். சர்க்கரை. புளியங்கொல்லையே சிரித்தது. ஜீப் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தரகருக்குப் புரையேறியது.

ஆபீசரும் சிரித்திருந்தால் அன்று வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"விலை என் கைல இல்லைம்மா. சூப்பர் மார்க்கெட்காரங்க இந்த விலைக்குக் குடுத்தாதான் எடுப்போம்றாங்க. பாக்கெட்டுக்கு ரெண்டு ரூபா ஏத்தினா ஜனங்க பக்கத்துக் கடைக்குப் போய்டுவாங்க. வேணும்னா இதோ, சென்னைலேருந்து வந்திருக்காங்களே, இவங்களையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செவலைகூடப் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்டியா யக்கா? ரெண்டு ரூவாய்க்குப் போய்டுவீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வயிற்றில் அவர்கள் ஊற்றிய பால் இருந்தது. எங்கள் தெருவிலேயே மூன்று கடை இருக்க, லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைவென்று நான் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு நடந்து போகிறவள். அதை நடைப்பயிற்சி என்று டாக்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

"போயிடுவேன்" என்றேன்.

அவமானமாக இருந்தது. காசியம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"நெசத்த சொன்னீங்க. சோப்பு வாங்கறப்ப நானும் அப்டித்தான்."

ஆபீசர் முப்பத்து மூன்றுக்குச் சம்மதம் என்றார். இவர்கள் முடியாது என்றார்கள். மேலிடத்தில் கேட்கிறேன் என்று அவர் போனை எடுத்தார். வளைவில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஊருக்குப் பின்னால் இருந்த பாறை. பாலிஷ் போட்ட ஷூவோடு அதன்மேல் தவழ்ந்து ஏறினார். அரை மணி நேரம் அவர் பாறைமேல் கையை ஆட்டிப் பேசுவதை எல்லோரும் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தோம். இதற்குள் தரகர் லாரியின் பின்கதவைத் திறந்து, வைக்கோலை உதறிப் பரப்பினார். காசியம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நாலு மணிப் பேருந்து ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி வந்தது. காலையில் வந்த அதே ஓட்டுநர். எல்லோரும் பாத்திரங்களோடு ஏறினோம். குக்கர் அம்மாள் வழி கேட்டு முழங்கையால் இடித்தாள். முனிரத்தினம் கேன்களை ஏற்றிவிட்டு, லாரியின் திறந்த பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் கவலையாக இருந்தார்.

"இப்டி மாட்ட எல்லாம் வித்துட்டா எனுக்குப் பாலு ஏது? மூணு நாளா இந்த டீய குடிச்சவன் இனிமே பாக்கெட் பால் டீய வாயில வெப்பானா?" என்று என்னிடம் முனகினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"காசிம்மா! தெனிக்கும் காலைல இந்த பஸ்ஸுல நாப்பது லிட்டரு ஏத்தி வுடு. லிட்டரு இன்னா வெலன்னு சொல்லு."

காலையிலிருந்து ஓட்டுநரையும் ஆபீசரையும் ஓட ஓட விரட்டிய காசியம்மா, அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கள யாரும் இப்டி கேட்டதில்ல. அவங்க சொல்வாங்க, நாங்க ஊத்துவோம்" என்றாள் மெதுவாக. பிறகு, பள்ளிக்கூடத்தில் தப்பாகப் பதில் சொல்லப் பயப்படும் பிள்ளை போல, "முப்பத்தி... அஞ்சு?" என்றாள்.

"செரி!" என்றார் முனிரத்தினம். அந்த அவசரத்திலேயே அவர் மாட்டிக்கொண்டார்.

முதலில் கத்தியது குக்கர் அம்மாள். "அடிப்பாவி, பாக்கெட் பாலே நான் லிட்டரு அம்பதுக்கு வாங்கறேன்டி! இவரு டீ பன்னெண்டு ரூவாய்க்கு விக்கிறாரு!" பேருந்து முழுக்கக் கூச்சல். மூன்று நாள் ஓசியில் குடித்துவிட்டு ஏலக்காய் கேட்டவர்கள் எல்லோரும் ஜன்னலில் தொங்கினார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

"வெலைய ஒழுங்கா சொல்லும்மா. அதுக்கப்புறம்தான் வண்டி எடுப்பேன்."

"அம்பது சொல்லு காசி!" என்று ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. என் குரல்தான். கத்தரிக்காயிலிருந்து கல்யாணப் புடவை வரை விலையைக் குறைக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கூட்டச் சொல்லி வாய் திறந்தது அன்றுதான். தொண்டை புதிதாக வலித்தது.

காசியம்மா நிமிர்ந்தாள். "அம்பது."

முனிரத்தினம் நாற்பது என்றார், பிள்ளைகுட்டிக்காரன் என்றார், நெஞ்சில் கை வைத்தார். யாரும் இரங்கவில்லை. நாற்பத்தைந்தில் முடிந்தது. நாற்பது லிட்டர் அந்த ஊர்ப் பாலில் பாதிகூட இல்லை. மீதிக்கு மறியல் தொடரும் என்றார்கள். ஆனால் வீட்டு முறை வைத்து ஊற்றினால், தீவனத்துக்கு அது போதும் என்று காசியம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

அப்போது ஆபீசர் பாறையிலிருந்து சறுக்கி இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்தார். பேண்டில் முழங்கால் கிழிந்திருந்தது.

"பேசிட்டேன்மா! முப்பத்தி நாலு!"

"நாப்பத்தஞ்சு சார்" என்றாள் காசியம்மா. இந்தத் தடவை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர் திரும்பி மறுபடியும் பாறையில் ஏற ஆரம்பித்தார்.

பேருந்து புறப்பட்டது. எங்கள் ஊரில் பால் விலை பாக்கெட்டிலேயே அச்சடித்து வருகிறது. அதைச் சொல்ல ஒருத்தி இவ்வளவு திணறுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? குக்கர் அம்மாள் மட்டும், நாளைக்கு ஓசி உண்டா இல்லையா என்று நடத்துநரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். காவலூர் பக்கம் வந்தபோது பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். ஓட்டுநர் ஒதுங்கி வழி விட்டார். தரகரின் மினி லாரி எங்களைத் தாண்டிப் போனது. பின்கதவு திறந்தபடியே இருந்தது. உள்ளே வைக்கோல் மட்டும் கிடந்தது.