நான் தூங்கினால் யாருக்கு லாபம்?

எழுபதைத் தாண்டிய கிழவன் தூங்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? என் மருமகள் கேட்டாள். அதுதான் எனக்குச் சந்தேகம். டாக்டர் சொன்னார் என்று சாயங்கால டீயை நிறுத்தினாள். மத்தியானத்தில் கட்டிலைக் காற்று வரும் பக்கம் இழுத்துப் போட்டு, "செத்த நேரம் கண்ண மூடுங்க மாமா" என்பாள். நான் கண்ணை மூடினால் இவளுக்கு என்ன வந்தது?

நான் படுத்ததும் அவளும் என் மகனும் கூடத்தில் குசுகுசுவென்று பேசுவார்கள். மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. என்னை எங்கே தள்ளிவிடப் போகிறார்களோ?

நானா ஏமாறுவேன்? பீங்கான் சூளையில் ராத்திரி ஷிப்டு பார்த்தவன். சூளை எரியும்போது ஒருவன் பார்த்துக்கொள்வான், மற்றவன் பக்கத்தில் துண்டை விரித்துப் படுப்பான். கண் மூடியிருக்கும், காது பர்னர் சத்தத்திலேயே இருக்கும். சத்தம் மாறினால் எழுந்துவிடுவோம். அந்தத் தூக்கத்தைத்தான் வீட்டிலும் போட்டேன்.

ஒருநாள் சிக்கினார்கள்.

"அங்க ஒரே ரூமுதான். அப்பாவ கம்மாபுரத்துல அக்கா வூட்ல வுட்டுடலாம்" என்றான் மகன். அடப்பாவி!

"அங்க வுட்டா சுத்தமா தூங்க மாட்டாரு. நீங்க போயிட்டு வாங்க. நானும் புள்ளையும் மாமாகூட இங்கயே இருக்கோம்."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே அவள் சொன்னாள்: "மெதுவா பேச வேணாங்க. அவரு முழிச்சிக்கினுதான் இருக்காரு. கால் கட்டவிரலு ஆடுது பாருங்க. எங்கப்பாவும் சூளையில இருந்தவருதான், எனக்குத் தெரியாதா?"

சட்டென்று விரலை நிறுத்தினேன். அவமானமாக இருந்தது. அதைவிடக் குடைந்தது வேறொன்று. நான் கேட்கிறேன் என்று தெரிந்துதானே பேசியிருக்கிறாள்? அப்படியானால் அது மனசிலிருந்து வந்ததா, என் காதுக்காகச் சொன்னதா? தூங்குகிறவன் எழுந்து கேட்கவா முடியும்?

மகன் தனியாகத்தான் போனான். பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தாள், சிரித்துக்கொண்டேதான் வந்தாள். மறுநாள் காலை வாசல் தெளிக்கும்போது பார்த்தேன், கண்ணிரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"ராத்திரி தூங்கலியாம்மா?"

"நல்லா தூங்கினேனே மாமா" என்று குனிந்துகொண்டாள்.

பொய். இந்தத் தூக்கம் எனக்குத் தெரியாதா?