கறுப்புத் திரையும் ஒன்றரை மணி பஸ்ஸும்

கம்ப்யூட்டர் வேலை என்றால் குளுகுளு அறையில் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள், சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஆபீஸ் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளையை ஒரு ஊரில் விட்டுவிட்டு இன்னொரு ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு லோரி ஆபீசில் வேலை. மகள் கவிதா ஜெஞ்சாரோமில் என் அக்கா வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான், கிள்ளானில் மாறி நான் போய்ச் சேருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள்.

குட்டி லோரிகள்

திரையில் குட்டி குட்டியாக லோரிப் படங்கள் இருக்கும். ஒன்றை மவுசால் தொட்டால் அந்த லோரிக்கான டெலிவரி பேப்பர் அடித்து வரும். பிறகு அடுத்தது. திங்கட்கிழமை ஓடும் லோரிகளுக்கெல்லாம் அடித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

புரோகிராம் எழுதிய குமரன் ஒருநாள் வந்தபோது, மவுசைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், எல்லாவற்றையும் ஒரே தடவையாகச் சொல்ல முடியாதா என்று. படத்தை மூடிவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். பிரிண்டர் நிற்காமல் ஓடியது. “ரெண்டும் ஒரே புரோகிராம்தான்க்கா. படத்துல ஒவ்வொண்ணா தொடணும், இதுல ஒரு வரி சொல்லிட்டா அதுவே பார்த்துக்கும்.”

பாஸுக்குப் பிடிக்கவில்லை

கறுப்புத் திரையைப் பார்த்த பாஸ், கெட்டுப்போச்சா என்று கேட்டார். இல்லை பாஸ் என்றேன், எனக்கே கேட்காத குரலில். “கலர் படத்துக்குத்தான்லா காசு குடுத்தேன். வர்றவன் பார்த்தா டிவி ரிப்பேர் கடைன்னு நினைப்பான்.”

காத்திருந்த பெட்டி

அந்தச் சனிக்கிழமை வரியைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கவிதா விழித்திருந்தாள். அக்கா காலுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். ஞாயிறு மத்தியானம்தான் மடிக்கு வந்தாள். சாயங்காலம் நான் கிளம்ப வேண்டும்.

திங்கட்கிழமை பார்த்தால் பாதி பேப்பர்தான் அடித்திருந்தது. ஒரு லோரிக்கு அட்ரஸ் இல்லை. கறுப்புத் திரையில் ஓடினாலும், புரோகிராம் பழைய பழக்கத்தில் ஒரு பெட்டியைக் காட்டி, ‘தொடரலாமா?’ என்று கேட்டுவிட்டு, யாராவது மவுசால் தொடட்டும் என்று நின்றுவிட்டது. டிரைவர் மணியம் அண்ணே சொன்னார்: “பாவம் தங்கச்சி, அது ரெண்டு நாளா உன்னையே கேட்டுட்டு நின்னிருக்கு.”

வாய் திறந்த நாள்

கறுப்பை எடுத்துவிடச் சொல்லி பாஸ் குமரனை வரவழைத்தார். நான் கோப்பு அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன். “எடுக்காதீங்க பாஸ். பிள்ள தூங்கறதுக்குள்ள போகணும்” என்றேன்.

பிறகு குமரன், படத்தில் ஓடும்போது மட்டும் கேள்வி கேட்கிற மாதிரி மாற்றலாம் என்றான். கறுப்பில் ஓடினால், அடிக்க முடியாததை ஒதுக்கிவிட்டு மற்றதை அடித்துவிடுமாம். ஒதுக்கியது எது என்று கடைசியில் காட்டுமாம். பாஸ் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ரெண்டும் இருக்கட்டும். திங்கக்கிழமை முதல் வேலையா, ஒதுக்கினதை நீ பார்த்திடணும்லா.”

அடுத்த சனிக்கிழமை

வெயில் இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை கவிதா வாசல் கேட் வரைக்கும் ஓடி வந்தாள். என் பையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “நாளைக்குப் போயிடுவியா?”

படத்திலும் கறுப்பிலும் ஓட அந்தப் புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது, இரண்டு ஊரில் இருக்க எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் குமரனாலும் முடியவில்லை.